பெட்டி நமது, சாவி யார் கையில்?

(ஓப்பநாயக்கவில் ஆசிரியர்களும் எழுதுவினைஞர்களும் தேயிலைச் சிற்றுடைமையாளர்களும் கூடிய கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)



உரிமையைப் பற்றியும் ஊதியத்தைப் பற்றியும் பேச வேண்டிய மேடையிலே கணினியைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது என்று உங்களிற் சிலர் எண்ணக்கூடும். இருக்கிறது, நண்பர்களே! நம் வீடொன்றிலே நடப்பதைச் சற்றுக் கவனியுங்கள். உயர்தர வகுப்புக்குச் செல்லும் மகனுக்குப் புதிதாக ஒரு கணினி பொருத்த வேண்டும். தாய்ப்பலகை எது, செயலி எது, நினைவகம் எவ்வளவு என்று அவன் ஒரு மாதமாக விலை விசாரிக்கிறான். தந்தையார் கொழுந்துக் காசிலே மிச்சம் பிடித்துக் கொடுக்கிறார். பொருள்கள் யாவும் வந்து சேர்கின்றன. திருகாணிகளை முடுக்கி மின்சாரம் கொடுத்தால் திரையிலே கருமைதான் தெரிகிறது. வன்பொருள் வந்துவிட்டது, அதை வேலை வாங்கும் பணிசெயல் முறைமை இன்னும் வரவில்லை. "அதைக் கடைக்காரரே போட்டுத் தருவார்" என்று வீட்டார் சொல்லிவிடுகின்றனர். ஒரு மாதம் விலை விசாரித்த குடும்பம், எல்லாவற்றிலும் பெரிய முடிவை அயலார் கையில் ஐந்து நிமிடத்திலே ஒப்படைத்துவிடுகிறது! அந்த ஐந்து நிமிடத்தைப் பற்றியே நான் இங்கு பேச வந்துள்ளேன்.

பணிசெயல் முறைமை என்பது நம் நாட்டுப் பாடநூல்கள் வழங்கும் பெயர். தமிழ்நாட்டார் இயங்குதளம் என்பர். பெயர் எதுவாயினும் பொருள் ஒன்றே. தோட்டத்திலே மலை இருக்கிறது, கொழுந்து இருக்கிறது, ஆட்கள் இருக்கின்றனர், தராசும் இருக்கிறது. ஆயினும் காலையிலே பெரட்டுக் களத்தில் நின்று, இன்னார் இந்த மலைக்கு, இன்னார் அந்த மலைக்கு என்று பிரித்துவிட்டு, மாலையிலே செக்ரோலில் பெயர் பதியும் ஒருவர் இல்லாவிடின் தோட்டம் ஓடுமா? கணினிக்குள்ளே அந்த வேலையைச் செய்வது பணிசெயல் முறைமை. செயலிக்கு வேலை பிரித்துக் கொடுப்பதும், நினைவகத்திலே இடம் ஒதுக்குவதும், அச்சுப்பொறிக்கு ஆணையிடுவதும், எந்தக் கோப்பை யார் திறக்கலாம் என்று தீர்மானிப்பதும் அதுவே. தோட்டத்து அனுபவம் உள்ள நமக்கு ஒன்று நன்றாகத் தெரியும்: செக்ரோலை வைத்திருப்பவர் யார் என்பது சிறிய கேள்வி அன்று.

தகரப் பெட்டியும் தட்டுப் பெட்டியும்

நம் பாட்டன்மார் லயத்துக் காம்பிராவிலே ஒரு தகரப் பெட்டி வைத்திருந்தனர். பிறப்புச் சாட்சிப்பத்திரம், துண்டு, பழைய கடிதம் யாவும் அதற்குள்ளே கிடக்கும். அந்தக் காகிதங்களின் அருமையை 1948 ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டமும், அதன் பின்வந்த 1949 ஆம் ஆண்டின் இந்திய பாகிஸ்தானிய வதிவோர் சட்டமும் நமக்குக் கற்பித்தன. எட்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோருக்காக விண்ணப்பங்கள் போயின. ஏறத்தாழ 1,34,000 பேருக்கே பிரசாவுரிமை கிடைத்தது. இத்தனை ஆண்டு இங்கே தொடர்ந்து வாழ்ந்தேன் என்று காகிதத்தால் மெய்ப்பிக்க இயலாதோர் எத்தனை பேர்! காகிதம் உண்டு, காட்ட முடியவில்லை என்றாலும் பயன் ஒன்றே.

இன்று அந்தத் தகரப் பெட்டியின் இடத்திலே கணினி வந்து அமர்கிறது. காணி உறுதியின் படம், ஓய்வூதியக் கடிதம், பிள்ளையின் பெறுபேறு, தொழிற்சாலைக்குக் கொடுத்த கொழுந்தின் மாதக் கணக்கு யாவும் அதற்குள்ளே சேர்கின்றன. ஆகவே நான் கேட்பது இதுதான். பெட்டி நமது, சாவி யார் கையில்?

இஃது அலங்காரத்துக்காகக் கேட்கும் கேள்வி அன்று. விண்டோஸ் 11 வீட்டுப் பதிப்பை முறையாக நிறுவும்போது இணையத் தொடர்பும் மைக்ரோசொப்ட் கணக்கொன்றும் வேண்டும். 2024 ஆம் ஆண்டு வெளிவந்த பதிப்பு முதல், அக்கணக்கோடு புதிதாக நிறுவப்படும் பெரும்பாலான கணினிகளில் வட்டு தானாகவே மறையாக்கம் செய்யப்படுகிறது. அதைத் திறக்கும் மீட்புச் சாவி அந்தக் கணக்கிலே போய்த் தங்குகிறது. களவுபோன கணினியைத் திருடன் திறக்க முடியாது என்ற அளவில் இது நல்ல ஏற்பாடே, நான் குறைகூறவில்லை. ஆனால் கடைக்காரர் அவசரத்துக்குத் தம் மின்னஞ்சலையோ, அன்றே உண்டாக்கி அன்றே மறந்த ஒரு மின்னஞ்சலையோ கொடுத்து நிறுவிவிட்டார் என்று வையுங்கள். இரண்டாண்டு கழித்துத் தாய்ப்பலகை பழுதாகிறது. வட்டை எடுத்து வேறொரு கணினியில் பூட்டினால் 48 இலக்கச் சாவியைக் கேட்கிறது. சாவி எங்கே? எவர் பெயரிலோ இருக்கும் கணக்கிலே! வட்டு உங்கள் வீட்டில் இருந்தும் உறுதியின் படம் உங்களுக்கு இல்லை. ஆதலால் எந்த முறைமையை நிறுவினாலும் வீட்டுக்குரியவரின் பெயரிலே, வீட்டுக்குரியவரின் கண்முன்னே நிறுவுங்கள். மீட்புச் சாவியைக் கடதாசியில் எழுதி, மிஞ்சியிருக்கும் பழைய தகரப் பெட்டிக்குள்ளேயே வையுங்கள்.

களவுப் பிரதி

நம் ஊர்களிலே விண்டோஸ் "இலவசம்" என்ற எண்ணம் வேரூன்றியிருக்கிறது. அஃது இலவசமன்று. வீட்டுப் பதிப்புக்கு அமெரிக்காவில் குறித்த விலை 139 டொலர். ரூபாவில் மாற்றிப் பார்த்தால், பலருக்கு அது நினைவகத்தின் விலையையும் வட்டின் விலையையும் எட்டிப்பிடிக்கும். ஆகவே பூட்டுடைத்த பிரதி கைமாறுகிறது. இலங்கையின் 2003 ஆம் ஆண்டு 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் கணினிச் செய்நிரல்களையும் காக்கிறது. ஆதலால் இது சட்ட மீறல். சட்டத்தை விடுங்கள், தற்காப்பைப் பாருங்கள். பூட்டை உடைப்பதற்கென்று வந்த கருவி, வைரசுத் தடுப்பை நிறுத்திவிட்டு உள்ளே வா என்கிறது. உடைத்த கையே வேறெதையும் உள்ளே வைத்ததா என்று எவர் உறுதி சொல்வார்?

2017 ஆம் ஆண்டு மே மாதம் வன்னாகிரை என்னும் கேடு உலகின் ஏறத்தாழ 150 நாடுகளிற் பரவியது. கோப்புகளைப் பூட்டிவிட்டு 300 டொலர் கப்பம் கேட்டது. பிரித்தானிய மருத்துவமனைகள் நோயாளரைத் திருப்பியனுப்ப நேர்ந்தது. அதற்குரிய திருத்தத்தை மைக்ரோசொப்ட் இரண்டு மாதம் முன்பே, மார்ச்சில், வெளியிட்டிருந்தது. அகப்பட்டவை திருத்தம் ஏற்றப்படாத கணினிகள். திருட்டுப் பிரதி வைத்திருப்போர் பிடிபடுவோம் என்ற அச்சத்தால் திருத்தங்களையே நிறுத்தி வைப்பது வழக்கம் என்பதை நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

விண்டோஸ் 10 க்கான பொது ஆதரவு 2025 ஆம் ஆண்டு ஒக்டோபர் 14 ஆம் திகதியோடு முடிந்தது. புதிய கணினியில் "பாரம் குறைவு" என்று சொல்லி அதைப் போட்டுக் கொடுக்க எவரேனும் முன்வந்தால் வேண்டாம் என்று சொல்லுங்கள். கந்தோர்கள் கழித்த பழைய பாகங்களைக் கொண்டு பொருத்துவோர் இன்னொன்றையும் கவனிக்கவேண்டும். விண்டோஸ் 11 ஏற்கும் செயலிகளின் பட்டியலிலே, ஏறத்தாழ 2018 க்கு முற்பட்டவை பெரும்பாலும் இல்லை.

மற்றொரு வழி

பின்லாந்து தேசத்திலே, ஹெல்சிங்கிப் பல்கலைக்கழகத்திலே, லினஸ் டோர்வால்ட்ஸ் என்னும் 21 வயது மாணவர் 1991 ஆம் ஆண்டு தம் வீட்டுக் கணினிக்கென ஒரு கருவை எழுதி உலகுக்குக் காட்டினார். அதற்கு எட்டாண்டு முன்பே அமெரிக்காவில் றிச்சர்ட் ஸ்டோல்மன், எவரும் பயன்படுத்தலாம், படிக்கலாம், மாற்றலாம், பிறர்க்குக் கொடுக்கலாம் என்னும் நான்கு சுதந்திரங்களோடு கூடிய முறைமை ஒன்றை ஆக்கப்போவதாக அறிவித்திருந்தார். இவ்விரண்டும் கூடிப் பிறந்ததே லினக்ஸ். உபுண்டு, டெபியன், லினக்ஸ் மின்ட் என்பன அக்குடும்பத்துப் பெயர்கள்.

இது யாரோ சிலரின் விளையாட்டுப் பொருள் என்று எண்ணாதீர்கள். உலகின் மிகப் பெரும் 500 கணினிகளின் பட்டியலிலே 2017 நவம்பர் முதல் அத்தனையும் லினக்ஸில் இயங்குகின்றன. அவ்வளவு தூரம் போவானேன்? இந்த மண்டபத்திலே அன்ரொயிட் கைபேசி வைத்திருப்போர் கை உயர்த்தினால், உயராத கைகள் சிலவே இருக்கும். அன்ரொயிடின் உள்ளே இருப்பது லினக்ஸின் கருவேயாம். "எனக்கு லினக்ஸ் தெரியாது" என்று சட்டைப்பையில் லினக்ஸை வைத்துக்கொண்டே சொல்லுகிறோம்!

மின்ட் முறைமைக்குக் குறைந்தது 2 கிகாபைட் நினைவகம் போதும், 4 இருப்பின் நன்று என்று அதனை ஆக்குவோர் கூறுகின்றனர். விலை இல்லை. உபுண்டுவின் நீண்டகாலப் பதிப்புக்கு ஐந்தாண்டு திருத்தங்கள் வருகின்றன. கடிதத்துக்கும் கணக்குக்கும் லிப்ரே ஒபிஸ் கூடவே வருகிறது. உயர்தரத்திலே கற்கும் பைதன் மொழியும் இங்கே தடையின்றி ஓடும்.

அகலப் பாதையும் குறுகிய பாதையும்

தமிழைப் பற்றிச் சொல்லாமற் போனால் இப்பேச்சு நிறைவுறாது. அதற்கு இவ்வூரிலேயே ஓர் உவமை கிடக்கிறது. களனிவெளிப் புகையிரதப் பாதை கொழும்பிலிருந்து அவிசாவளை, இரத்தினபுரி வழியாக வந்து முடிந்த இடம் ஓப்பநாயக்க. இரண்டரை அடி அகலப் பாதை அது. நாட்டின் பிரதான பாதையோ ஐந்தரை அடி. இந்தப் பள்ளத்தாக்கின் தேயிலையையும் றப்பரையும் சுமந்த பெட்டி கொழும்பு வரை ஓடும். அதற்கப்பால் ஓரங்குலம் ஓடாது. பெட்டியிலும் பழுதில்லை, எஞ்சினிலும் பழுதில்லை. பாதையின் அளவுதான் வேறு. 1970 களிலே இப்பக்கத்துப் பாதை மூடப்பட்டது. அவிசாவளை வரையிலானது மட்டும் 1990 களில் அகலப் பாதையாயிற்று.

நம் கந்தோர்களிலும் பாடசாலைகளிலும் ஆண்டாண்டாகத் தமிழ் தட்டச்சு செய்யப்பட்டது பாமினி என்னும் எழுத்துருவில் அல்லவா? அதுவே நமது இரண்டரை அடிப் பாதை. பாமினியிலே தமிழ் என்று திரையில் தெரிவது, கோப்பின் உள்ளே ஆங்கில எழுத்துகளாகவே கிடக்கிறது. பாமினி இல்லாத கணினியில் திறந்தால் பொருளற்ற எழுத்துக் குவியல். தேடினால் அகப்படாது, அகரவரிசைப்படுத்த முடியாது, கைபேசிக்கு அனுப்பினால் சிதையும். பிழை விண்டோஸினுடையதும் அன்று, லினக்ஸினுடையதும் அன்று. ஒருங்குறி என்னும் உலகத் தரத்திலே தமிழ் 1991 ஆம் ஆண்டே இடம்பெற்றது. விண்டோஸ் 2000 முதல் அம்முறைமையிலும் ஒருங்குறித் தமிழ் உண்டு. இத்தனை காலத்துக்குப் பின்னும் நாம் பாமினியைப் பிடித்துக்கொண்டிருப்பது, தண்டவாளம் கழற்றிய பாதையில் வண்டிக்குக் காத்திருப்பதை ஒக்கும்.

ரெங்கநாதன் விசைப்பலகையிலே கை பழகியோர் உங்களிற் பலர் இருப்பீர்கள். தட்டச்சுப்பொறிக் காலத்துப் பழக்கம் அது, விடவேண்டியதில்லை. லினக்ஸின் எம்17என் தொகுப்பிலே ரெங்கநாதனும் உண்டு, தமிழ்99 உம் உண்டு. விண்டோஸிலும் தமிழ்99 கிடைக்கிறது. முறைமையின் பட்டியல்களையும் தமிழில் வைத்துக்கொள்ளலாம். இரண்டிலும் அம்மொழிபெயர்ப்பு அரைகுறைதான் என்பதை ஒளிக்காமல் சொல்லவேண்டும். ஒரு வேற்றுமை மட்டும் உண்டு. விண்டோஸின் தமிழிலே பிழை கண்டால் நாம் முறையிடலாம். லினக்ஸின் தமிழிலே பிழை கண்டால் நாமே திருத்தலாம். ஓர் ஆசிரியர் மாலையில் ஒரு மணி நேரம் ஒதுக்கினால் போதும்.

கோப்பின் வடிவமும் அப்படியே. லிப்ரே ஒபிஸ் இயல்பாகச் சேமிக்கும் திறந்த ஆவண வடிவம் 2006 இல் உலகத் தர நிறுவனத்தால் ஏற்கப்பட்டது. கந்தோருக்கு அனுப்பவேண்டின் வேர்ட் வடிவிலும் சேமிக்கலாம். அட்டவணைகளும் பக்க அமைப்பும் சில வேளை இடம்பெயரும் என்பதை அறிந்தே அனுப்புங்கள். இருபதாண்டு வைத்திருக்கவேண்டிய கடதாசிகளைப் பீடிஎப் ஆக வைப்பதே பாதுகாப்பு.

பழுது வந்தால் யார் வருவார்?

இங்கேதான் லினக்ஸ் அன்பர்கள் பலர் மௌனம் சாதிப்பர். நான் சாதிக்கப் போவதில்லை. பலாங்கொடையிலோ பெல்மதுளையிலோ கணினி பழுதுபார்க்கும் பத்துப் பேரைக் கேட்டால், விண்டோஸைக் கண்ணை மூடிக்கொண்டு நிறுவுவோர் பத்துப் பேரும் இருப்பர். லினக்ஸ் அறிந்தவர் ஒருவரேனும் கிடைத்தால் பாக்கியம். இது சிறிய இடர் அன்று.

அயலிலே நடந்ததைப் பாருங்கள். சென்னையிலே, தமிழக அரசின் எல்காட் நிறுவனம், உமாசங்கர் என்னும் ஆட்சிப்பணி அதிகாரி தலைமையேற்றிருந்த காலத்தில், 2007 ஐ ஒட்டித் தன் கணினிகளைச் சூசே லினக்ஸுக்கு மாற்றியது. 2011 இல் தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டத்திலே விண்டோஸும் இந்திய அரசின் பொஸ் லினக்ஸும் அருகருகே வைத்துக் கொடுக்கப்பட்டன. இரண்டும் இருந்தால், பையன் அண்டைவீட்டான் அறிந்ததையே திறப்பான். அது மனித இயல்பு. கேரளத்தார் வேறு வழி சென்றனர். பாடசாலைகளை லினக்ஸுக்கு மாற்றியபோது முதலில் ஆசிரியரைப் பயிற்றினர். பாடசாலைக்கென்றே ஒரு பதிப்பை ஆக்கினர். பாடநூலையும் தேர்வையும் அதற்கேற்ப அமைத்தனர். அங்கே அது நிலைத்தது. ஜெர்மனியின் மியூனிக் நகரசபையோ 2003 இல் லினக்ஸுக்கு மாறத் தீர்மானித்து, ஏறத்தாழ 15,000 கணினிகளை மாற்றி, 2017 இல் மீண்டும் விண்டோஸுக்கே திரும்ப வாக்களித்தது. மியூனிக்கைக் காட்டி லினக்ஸ் தோற்றது என்பாரும் உளர். அரசியல் தோற்றது என்பாரும் உளர். எனக்குப் படுவது, பக்கத்திலே உதவ ஆள் இருக்கும் முறைமையே வாழும் என்பது.

ஆகவே ஓப்பநாயக்கவிலே ஒருவர் மட்டும் லினக்ஸ் நிறுவினால் அவர் தனியர். ஐந்து வீட்டார் ஒரே பதிப்பை நிறுவி, ஒரு வீட்டுப் பிள்ளை கற்றதை மற்ற வீட்டுக்குச் சொன்னால், கடைக்காரரை எதிர்பார்க்க வேண்டியதில்லை. கொழுந்து நிறுக்கும் இடத்திலே பேசிக்கொள்வதைப் போன்றதுதான். கட்டற்ற மென்பொருள் பற்றித் தமிழிலேயே எழுதும் கணியம் இதழ் 2012 முதல் தமிழ்நாட்டிலிருந்து இணையத்தில் வெளிவருகிறது, அதைப் படிக்கலாம்.

எவருக்கு எது?

கணக்காளர் நண்பர் டேலியிலே தொழில் செய்கிறார். அது விண்டோஸுக்கென்று ஆனது. அச்சகத்தார் பேஜ்மேக்கரிலே பழைய பக்கங்களை வைத்திருக்கின்றனர். அவர்களுக்கும் விண்டோஸ் வேண்டும். தொழிலுக்குக் கருவி வாங்குவோர் விலை கொடுத்து வாங்கட்டும், உரிமம் தொழிற்செலவு. சில இணைய விளையாட்டுகளும் லினக்ஸில் ஓடா. பிள்ளைகள் இதைச் சொல்லி அழுவர், அழட்டும்!

மற்ற வீடுகளுக்கு, அதாவது படிப்பு, கடிதம், இணையம், கொழுந்துக் கணக்கு என்பதோடு நிற்கும் வீடுகளுக்கு, லினக்ஸ் மின்ட் போதும் என்பதே என் அபிப்பிராயம். மிச்சமாகும் காசுக்கு ஒரு வெளி வட்டு வாங்குங்கள். கோப்புகளின் இரண்டாம் பிரதியை அதில் வையுங்கள். மாதம் ஒருமுறை, கொழுந்துக் காசு கைக்கு வரும் நாளிலே, பிரதி எடுத்தால் மறதி வராது.

இரண்டும் வேண்டுமென்போர் முதலில் விண்டோஸை நிறுவி, வட்டிலே இடம் விட்டு, பின்னர் லினக்ஸை நிறுவுக. வரிசை மாறினால் விண்டோஸ் தன்னை மட்டுமே காட்டிக்கொண்டு எழும்பும்; அதன் குணம் அப்படி.

நான் சொன்னதை நம்பித்தான் நிறுவவேண்டும் என்பதில்லை. 8 கிகாபைட் விரற்தட்டு ஒன்றிலே மின்ட் முறைமையை எழுதிக்கொண்டு, அதிலிருந்தே கணினியை எழுப்பிப் பார்க்கலாம். வட்டிலே எதுவும் மாறாது. உங்கள் அச்சுப்பொறி அதில் வேலை செய்கிறதா, வைபை பிடிக்கிறதா, ஒலி கேட்கிறதா, தமிழ் தட்ட வருகிறதா என்று ஒரு மாலை முழுவதும் பரிசோதியுங்கள். பிடிக்காவிடின் விரற்தட்டைக் கழற்றிவிட்டால் முடிந்தது. பிடித்தால் நிறுவுங்கள். நிறுவுவதைக் காலையிலே வைத்துக்கொள்ளுங்கள். ஏப்பிரலிலும் ஒக்டோபரிலும் இந்த மலைப்பக்கத்திலே பிற்பகலில் இடி இடித்து மின்சாரம் போவது நீங்கள் அறிந்ததே. பாதியில் நின்ற நிறுவலை மறுபடி முதலிலிருந்தே தொடங்கவேண்டும்.